லீவு லெட்டரும் வாடைக்காத்தும்

நாப்பதடி நீளம், ஒத்தப் பாய்மரம், உள்ள ரெண்டு படுக்கை ரூமு, ஒரு கக்கூஸு, அடுப்பு, ஐஸ்பொட்டி. லங்காவித் தீவுல எவனோ ஒரு வெள்ளக்காரன் முட்டுவலி வந்து வித்துட்டுப் போன படகை நீ வாங்கிட்டே. ஃபோன்ல மூலை முடுக்கெல்லாம் காட்டினே, விலையை மட்டும் காட்டல. நானும் கேக்கல மருமவனே. தாய்மாமன் கேக்கக் கூடாத கேள்வின்னு ரெண்டு மூணு இருக்கு, அதுல இது ஒண்ணு.

லங்காவியில கிளம்பி இலங்கையில காலி, அங்கேருந்து மாலத்தீவு, அதை மேலேருந்து கீழ வரைக்கும் ஓடி முடிச்சுச் சாகோஸ், கடைசியில சீஷெல்ஸ். படத்துல விரலால ஒரே இழுப்பா இழுத்துக் காட்டினே பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அம்புட்டும் நீலக் கலரு. வழியில ஒரு வேகத்தடை கூட இல்ல. எத்தனை நாளுடேன்னு கேட்டேன். ‘அஞ்சு வாரம் லீவு போட்டிருக்கேன் மாமா’ன்னே. ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வச்சுச் சிரிச்சுக்கிட்டேன், ஒனக்குக் கேட்டிருக்காது.

கணக்கு தப்புன்னு சொல்ல வரல. நீ படிச்ச புள்ள, சரியாத்தான் போட்டிருப்பே. நானும் பேரன்கிட்டச் சொல்லிப் போட்டுப் பாத்தேன். மொத்தம் 3,350 கடல்மைல் வாக்குல வருது. ஒன் படகு மணிக்கு அஞ்சு கடல்மைல் ஓடும், நாளைக்கு 120. இருபத்தெட்டு நாள்ல சீஷெல்ஸ். மிச்சம் ஏழு நாள் மணல்ல மல்லாந்து படுக்கலாம். எல்லாம் சுத்தம். லீவு லெட்டர்ல ஆபீசர் கையெழுத்தும் போட்டாச்சு. காத்துகிட்ட யாரு கையெழுத்து வாங்கினாங்கறதுதான் எனக்கு வெளங்கல.

மணிக்கு அஞ்சு கடல்மைல்னா நம்ம கணக்குல ஒம்பது கிலோமீட்டர். நம்ம தெருவுக்கு வார தபால்காரர் வீட்டுக்கு வீடு நின்னு, மோரு குடிச்சு, ஊர்க்கதை பேசிட்டு சைக்கிள் மிதிக்கிற வேகம். அந்த வேகத்துல நீ இந்துமாக்கடல்ல பாதியைத் தாண்டப் போறே. அதுவும் காத்து சம்மதிச்சா.

கிளம்புற நாளைக் கேட்டேன். டிசம்பர் 15-ன்னே. ஜோசியரு குறிச்சுக் குடுத்தாரோன்னு பாத்தா, அதெல்லாம் இல்லியாம். கிறிஸ்மஸும் புதுவருசமும் சேந்து வருதாம், நாலு நாள் லீவு மிச்சமாம். கெட்டிக்காரன்டே நீ. 1964-ல தனுஷ்கோடியை வழிச்செடுத்துட்டுப் போன புயலும் டிசம்பர்லதான் வந்துச்சு. 22-ஆம் தேதி ராத்திரி. ரயிலையே கொண்டு போச்சு தண்ணி. அந்தப் புயல் பொறந்தது எங்கன்னு நெனைக்கே? தெக்கு அந்தமான் கடல்ல, 17-ஆம் தேதி வாக்குல. அங்கேருந்து மேக்க நடந்து, இலங்கை மேல ஏறி, இந்தப் பக்கம் வந்து எறங்குச்சு. நீ இழுத்த கோட்டுக்குப் பக்கத்துக் கோடுதான் அது. அஞ்சாறு நாள்ல வந்து சேந்துட்டு, ஒன் படகைவிட வேகம்.

வங்காள விரிகுடாவுல அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் புயல் மாசம். ஏப்ரல், மே இன்னொரு தடவ. நடுவுல தை, மாசி இருக்கு பாரு, அதுதான் வாடைக்காத்து நின்னு நிதானமா அடிக்கிற காலம். பொங்கலைக் கும்பிட்டுட்டுக் கிளம்பினா காத்து வடகெழக்கேருந்து ஒன் முதுகுக்கு வரும், நீவாடுங்கிற நீரோட்டமும் மேக்கயே இழுக்கும். லங்காவியிலேருந்து காலிக்கு 1,200 கடல்மைலுக்குக் கொஞ்சம் கம்மி. பத்து நாள்ல, பாயை அதிகம் தொடாமலே போயிரலாம். இதைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் வேண்டாம்டே. அரபுக்காரனும் நம்ம ஆளும் எத்தனையோ நூறு வருசமா இந்தக் காலண்டரைப் பாத்துத்தான் பாயை ஏத்தினான். வாடையில ஓடு, மேக்கேருந்து அடிக்கிற கச்சான்ல கரையில கெட. கச்சான் முறைச்சு அடிக்கிற ஆடி மாசத்துல தூத்துக்குடித் தோணியெல்லாம் கரையேறிக் கெடக்கும், தோணி ஓட்டுற தண்டல்மாரு நாங்க கல்யாணம், சடங்குன்னு வெள்ளை வேட்டியில திரிவோம். எங்களுக்கும் லீவு உண்டு பாத்துக்க. நாங்க கேட்டு வாங்கல, காத்தாப் பாத்துக் குடுத்துச்சு.

சொந்தப் படகுல சும்மா உலகத்தைச் சுத்துறது என்னமோ ஒன்னோட ஆரம்பிச்சதுன்னு நெனச்சிராத. ஜோஷுவா ஸ்லோக்கம்னு ஒரு அமெரிக்கக் கப்பக்காரன், 1895-ல தன்னந்தனியாக் கிளம்பி 1898-ல திரும்பினான். படகு 37 அடி கூட இல்ல. அவன்கிட்ட இருந்த தகரக் கடிகாரம் ஒரு டாலர். கண்ணாடி மூஞ்சி உடைஞ்சிருந்ததால கடைக்காரன் அரை டாலரைக் கொறச்சுக் குடுத்தான். ஆஸ்திரேலியாவுக்கு வடக்க இருக்கிற தர்ஸ்டே தீவுலேருந்து கோக்கோஸ் தீவுக்கு 2,700 கடல்மைலை 23 நாள்ல ஓடினான். அந்த 23 நாள்ல சுக்கான்ல கை வச்சது எல்லாம் கூட்டினா மூணு மணி நேரத்துக்கு மேல வராதுன்னு அவனே எழுதி வச்சிருக்கான். படகுக்கு வழி தெரியும்னு விட்டுட்டுப் புத்தகம் படிச்சிருக்கான் மனுசன். ஒன் தானியங்கிச் சுக்கான் எத்தனை டாலர்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துட்டு. வேண்டாம், அதுவும் விலைக் கேள்விதான்.

நம்ம ஆளுக கதையும் ஒண்ணு கேளு. வல்வெட்டித்துறையில கட்டின ‘அன்னபூரணி’ன்னு ஒரு கப்பல், 89 அடி. வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கன், அவனும் 32 அடிப் படகுல உலகத்தைச் சுத்தி வந்தவன்தான், அந்தக் கப்பலைப் பாத்து மயங்கி விலைக்கு வாங்கிட்டான். வல்வெட்டித்துறைத் தண்டலும் ஆளுகளும் 1937-ல பாயை விரிச்சு, சூயஸ் வழியா, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டுல மாசசூசெட்ஸ்ல குளோஸ்டர் துறைமுகத்துல கொண்டு போய்க் கட்டினாவ. ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’னு பேரையும் மாத்தியாச்சு. வெள்ளக்காரனுக்கு அன்னபூரணின்னு கூப்பிட வரல போல. அன்னைக்கு நாம கட்டினதை அவன் வாங்கி அங்க கொண்டு போனான். இன்னைக்கு அவன் கட்டினதை நீ வாங்கி இங்க கொண்டு வாரே. கணக்கு நேராயிட்டு, சந்தோசம். ஆனா போய்ச் சேர ஒண்ணரை வருசம் ஆச்சு மருமவனே. அவங்க எத்தனை வாரம் லீவு போட்டிருப்பாவ?

ஒன் சாமான் லிஸ்டைப் படிச்சேன். கல்யாணச் சீர் தோத்துச்சு. உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்குற மெஷினு, லித்தியம் பேட்டரி, கப்பல் வார தெசை காட்டுற பொட்டி, வானத்துலேருந்து எறங்குற இன்டர்நெட்டு. நல்லது, எல்லாம் வச்சுக்க. ஆபத்துன்னா வெளியில சொல்லுற அந்த ஆரஞ்சுப் பொட்டியை மட்டும் சாக்குமூட்டைக்கு அடியில போடாத, கை எட்டுற எடத்துல மாட்டு. தண்ணி மெஷினு இருந்தாலும் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் கணக்குல கேன்ல நல்ல தண்ணி தனியாக் கெடக்கட்டும். உப்புக்காத்துக்கு வயரு ருசியான சாப்பாடு. பகல்ல ஒழுங்கா ஓடுற மெஷினு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நிக்கும், அதுவும் மழையில. காத்தாடித் தகடு ஒண்ணு பின்னால மாட்டிச் சுக்கானைத் திருப்புற சாமான் இருக்குன்னியே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கரண்டு கேக்காது, சம்பளம் கேக்காது, லீவும் கேக்காது.

சமையலுக்கு வருவோம். ஒனக்கு மேகி மட்டும்தான் வரும்னு உங்கம்மா சொல்லுவா. அட்டைப்பொட்டி ஒண்ணு கூடப் படகுக்குள்ள ஏறக் கூடாது, அதோட மடிப்புலதான் கரப்பான் முட்டை கெடக்கும். அம்புட்டையும் கரையிலயே பிரிச்சு, டப்பாவுல மாத்து. முட்டை வாங்கினா கழுவாத முட்டையாப் பாத்து வாங்கு, ஐஸ்பொட்டியில வச்ச முட்டை வெளிய வந்தா ஒரு வாரத்துல மணக்கும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா திருப்பி வச்சா நல்ல முட்டை மாசக்கணக்குல நிக்கும். முட்டைக்கோசு தாங்கும், பூசணி தாங்கும். வெங்காயத்தையும் கிழங்கையும் ஒரே கூடையில போடாத. வாழைத்தாரை ஆசையாப் பின்னால கட்டித் தொங்கவிடுவே, ஃபோட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும். அஞ்சாம் நாள் தாரு முழுக்க ஒரே நேரத்துல பழுக்கும். அன்னைக்குக் காலையில பழம், மத்தியானம் பழம், ராத்திரி பழம். குக்கரைக் கட்டாயம் எடுத்துட்டுப் போ, படகு கவுந்தாப்புல சாஞ்சாலும் மூடி தெறக்காது, சோறு சோறாவே இருக்கும். விடியக்காலம் படகு மேல்தட்டுல பறவைக்கோலா மீனு ரெண்டு தானா வந்து விழுந்து கெடக்கும். அதைத் திரும்பக் கடல்ல போட்டுட்டு மேகி கிண்டினேன்னு மட்டும் என் காதுல விழக் கூடாது.

கூட வார கூட்டாளி யாருன்னு கேட்டேன். ஆபீஸ்ல ஒன் பக்கத்து சீட்டுக்காரன். நல்ல பையன்தான். ஆனா கொடைக்கானல் பஸ்லயே கவர் கேட்டவன்லா அவன்? மொத மூணு நாள் அவன் படகுல இருக்க மாட்டான், வாளிக்குள்ள இருப்பான். அந்த மூணு நாளும் நீ ஒத்தையா முழிக்கணும். மலாக்கா வாயை விட்டு வெளிய வந்ததும் சுமத்ரா தலைப்பைச் சுத்தி காலி வரைக்கும் பெரிய கப்பல் போற ராஜபாட்டை. இலங்கைக்குத் தெக்க தேவேந்திரமுனைப் பக்கம் உலகத்துச் சரக்குல ஒரு பங்கு ராப்பகலா ஓடிட்டே இருக்கும், போறதுக்கு ஒரு தடம், வாறதுக்கு ஒரு தடம். அடிவானத்துல ஒரு வெளிச்சம் தெரியுதேன்னு டீ போட உள்ள போனேன்னு வையி. இருபது நிமிசத்துல அது ஒன் தலைமாட்டுல நிக்கும். நானூறு மீட்டர் கப்பல்ல மேல உக்காந்திருக்கவனுக்கு ஒன் படகு தெரியாது. இடிச்சாலும் தெரியாது. கறாரா மூணு மணி நேரம் நீ, மூணு மணி நேரம் அவன். தடத்தைக் குறுக்க வெட்டணும்னா நேர் குறுக்க வெட்டி வெளிய போயிரு, சாய்ஞ்சு சாய்ஞ்சு போகாத.

ரெண்டே பேரு ஒரு படகுல ஓட முடியாதுன்னு நான் சொல்லல. நம்ம கடற்படையில ரூபா அழகிரிசாமின்னு புதுச்சேரிக்காரப் புள்ளையும், தில்னான்னு கோழிக்கோட்டுப் புள்ளையும் ‘தாரிணி’ படகுல 2024 அக்டோபர்ல கோவாவுல கிளம்பி, உலகத்தையே சுத்திட்டு 2025 மே மாசம் திரும்பினாவ. அதுக கிளம்புறதுக்கு மின்னால வருசக்கணக்காப் பழகினாவ. நீங்க ரெண்டு பேரும் பழகினது எம்புட்டு? ரெண்டு சனிக்கெழமை, லங்காவித் துறைக்குள்ளயே, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துட்டு.

பாயைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. சுருக்கலாமான்னு மனசுல ஒரு நெனப்பு வந்தா, அந்த நெனப்பு வந்த நிமிசத்துலயே சுருக்கிரு. இன்னும் கொஞ்சம் பாப்போம்னு நின்னா, அடுத்து நீ பாக்குறது கிழிஞ்ச பாயை. ராத்திரியில கறுப்பா ஒரு மேகத்தண்டு கடலைத் தொட்டுக்கிட்டு வரும், கால் மணி நேரம் பேயாட்டம் ஆடும், போயிரும். பொழுது சாயுறப்பவே ஒரு மடிப்பு சுருக்கி வச்சிட்டுப் படு. ஒரு மைல் கொறையும். கொறஞ்சா என்னடே, அஞ்சு வாரத்துல எல்லாம் முடிக்கணுமேன்னு அந்த ஒரு மைலுக்கு ஆசைப்படுவே பாரு, அந்த எடத்துலதான் ஆளு மாட்டுவான். புயலுக்குத் தப்பிச்சவன் எத்தனையோ பேரு உண்டு. திரும்புற ஏரோபிளேன் டிக்கெட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு ஓடினவனுக்குத்தான் கை கால் பதறும்.

இலங்கைக் கரை கிட்ட வந்ததும் மீன்பிடிப் படகு ஒண்ணு விரட்டிக்கிட்டு வரும். கொள்ளைக்காரன்னு பதறிச் செயற்கைக்கோள்ல கத்தி, ஊரைக் கூட்டிராத. அவன் சிகரெட்டு கேக்க வாரான். பாதி ஆளு மீனைத் தூக்கிக் காட்டுவான், மாத்துக்கு என்ன தருவேம்பான். நீதான் புகைக்க மாட்டியே, பிஸ்கட்டு ரெண்டு பாக்கெட்டு கையில வச்சிரு. காலியில மஞ்சக் கொடியை ஏத்திட்டு, ஏஜெண்டு வார வரைக்கும் வாய மூடி உக்காரு. சுகாதாரம், சுங்கம், குடியேற்றம், துறைமுகம்னு வரிசையா வருவாவ. படகுக்குள்ள செருப்போட நடக்காதீங்கன்னு மட்டும் சொல்லிராத, அன்னைக்குப் பூரா ஒன் செருப்பைச் சோதிப்பான்.

மாலத்தீவுல ஒனக்கு ஒரு அதிசயம் காத்திருக்கு. நாடே தண்ணிக்கு மேல தலை தூக்காது. தானா உண்டான எடத்துல ஆக உச்சமானதே ரெண்டரை மீட்டர் தேறாது. நாங்க வெங்காயமும் காய்கறியும் ஏத்திக்கிட்டு மாலேவுக்குப் போகயில, மொதல்ல தென்னந்தலைதான் தெரியும், பொறவுதான் கரை. வடக்கு முனையில உலிகமுன்னு ஒரு தீவு, அங்கனயே உள்ள நுழைய அனுமதி தருவான். ஒன் அலமாரியில இருக்கிற வைன் பாட்டிலுக்கெல்லாம் முத்திரை வச்சுருவான், அதுக்கு அழக் கூடாது. பவளப்பாறை வாய்க்குள்ள நுழையணும்னா பத்து மணிக்கு மேல, மூணு மணிக்குள்ள, வெயில் உச்சியில, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கயில நுழையி. அப்பத்தான் அடியில கெடக்கிற பாறை பழுப்பாத் தெரியும். அந்தி சாய அழகா இருக்குன்னு அப்ப போய் நுழைஞ்சேன்னா, அந்த அழகு மேலயே குந்திக்கிட்டு ஆறு மாசம் இருக்க வேண்டியதுதான். தெக்க அட்டூ வரைக்கும் போனா பூமத்தியக் கோடு தாண்டும், காத்து செத்துப் போகும். கடல் எண்ணெய் தடவின கணக்காக் கெடக்கும். இஞ்சினைப் போட்டு ஓடலாம்தான். டேங்குல இருக்கிற டீசல் ரெண்டு மூணு நாளைக்குத்தான், பொறவு நீயும் ஒன் கூட்டாளியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரணும்.

சாகோஸ் வந்தாச்சு. சாலமன் தீவுத்திட்டுல ஆளே கெடையாதுன்னு சந்தோசமாச் சொன்னே. இருந்தாங்கடே. 1968-லேருந்து 1973-க்குள்ள அம்புட்டுப் பேரையும் பிரிட்டிஷ்காரன் கப்பல்ல ஏத்தி மொரீஷியஸ்லயும் சீஷெல்ஸ்லயும் எறக்கி விட்டான், டீகோ கார்சியாவுல அமெரிக்காவுக்குப் படைத்தளம் வேணும்னு. பொறந்தவனை விரட்டின கரையில ஒனக்கு நங்கூரம் போட அனுமதி உண்டு. மின்கூட்டியே எழுதிப் போட்டு, பணம் கட்டி, படகு ஒடைஞ்சா அதை அள்ளுற செலவுக்கும் இன்சூரன்ஸ் காட்டணும். 28 நாளைக்கு மேல இருக்க முடியாது. 2021-ல நம்ம கரையிலேருந்து 89 இலங்கைத் தமிழங்க கனடாவுக்குன்னு ஒரு மீன்பிடிப் படகுல கிளம்பி, நடுக்கடல்ல மாட்டி, அந்த டீகோ கார்சியாவுக்குத்தான் கொண்டு போகப்பட்டாவ. புள்ளை குட்டியோட கூடாரத்துல வச்சான். அங்கனயே கெடந்தவங்கள்ல நெறையப் பேரு வெளிய வர 2024 டிசம்பர் ஆச்சு. அவங்ககிட்டயும் திட்டம் இருந்திருக்கும், இத்தனை நாள்ல போயிரலாம்னு. நீ அங்கன மீன் பாக்கத் தண்ணிக்குள்ள குதிக்கயில இது ஞாவகம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் சொல்லிட்டேன்.

இப்ப ஒன் கணக்குல மிச்சமிருக்க ஆயிரம் மைல். சாகோஸ்லேருந்து சீஷெல்ஸ் மேக்க இருக்கு. நீ பொங்கல் கழிச்சுக் கிளம்பிப் போய்ச் சேருற மாசி, பங்குனியில அங்க காத்து எங்கேருந்து வரும்னு பாத்தியா? வடமேக்கேருந்து. நேர் மூஞ்சிக்கு. பூமத்தியக் கோட்டுக்கு அந்தப் பக்கம் காலண்டரு வேற மருமவனே. தென்கெழக்குக் காத்து நிலைச்சு வீச மே மாசம் ஆகும். அனுமதியோ 28 நாள். அங்கனயே காத்திருக்கவும் முடியாது, மூஞ்சிக் காத்துல முட்டவும் முடியாது, ஆபீஸ்ல மேனேஜரு வேற தேடுவாரு. இந்த மூணுல எதை ஜெயிக்கப் போறேன்னு யோசிச்சு வையி.

என் யோசனை ஒண்ணு சொல்லட்டுமா, படிக்காதவன் யோசனைதான். பொங்கல் கழிச்சுக் கிளம்பு. காலி, உலிகமு, அட்டூ வரைக்கும் போ. அந்தக் கோட்டோட நிறுத்து. அட்டூவுல கன்னுன்னு ஒரு தீவு, ஏரோபிளேன் எறங்குது. படகை நல்ல ஆள்கிட்ட ஒப்படைச்சுட்டு ஆபீஸுக்குப் பறந்து போயி, ஃபைலைப் பாரு. அடுத்த கோடையில திரும்பி வந்து தென்கெழக்குக் காத்துல சீஷெல்ஸைப் பாரு. அது எங்கயும் போயிராது. சீஷெல்ஸ் போயிட்டு வந்தேன்னு ஃபோட்டோ போட ஒரு வருசம் பிந்தும், அம்புட்டுத்தான் நட்டம். இல்ல மாமா, ஒரே மூச்சுலதான் போவேன்னா, வேலையை விட்டுட்டுப் போ. நான் தடுக்கல. தண்டல் வேலைக்கு ஆள் கேக்கான், என் பழைய முதலாளி மவன்.

உலிகமுவுல எறங்கினதும் மாசிக் கருவாடு நல்லதாப் பாத்து ரெண்டு கிலோ வாங்கு. கல்லுக் கணக்கா இருக்கணும், உள்ள ஒடைச்சா செவப்பாத் தெரியணும். மெதுவா இருந்தா வேண்டாம்னுரு. அப்புறம், உங்கம்மாகிட்ட நீ இன்னும் சொல்லலன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். அவ என் அக்கா, நான் அவ கையால இன்னும் கொஞ்ச வருசம் மீன்கொழம்பு திங்கணும். நீயே வந்து, அடுப்படியில அவ கையில கரண்டி இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லு.